இதய நோயாளியின் வாயும் பல்லும்

(நமது ஜமாஅத்தின் சார்பில் நடைபெற்ற இலவச இதய, பல் பரிசோதனை முகாமின் தொடக்க நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்முகாமில் இரண்டு மேசைகள் போடப்பட்டுள்ளன. ஒன்று இதய மருத்துவருடையது. மற்றது பல் மருத்துவருடையது. முதல் மேசையின் முன் நிற்கும் வரிசை வாசல் வரை நீண்டிருக்கிறது. இரண்டாம் மேசையில் மருத்துவர் நாளிதழ் படித்துக் கொண்டிருக்கிறார். "பல்லுக்கு என்ன ஹஜ்ரத், வலித்தால் பிடுங்கிக் கொள்ளலாம்" என்று இப்போதுதான் ஒரு பெரியவர் என்னிடம் கூறினார். அவர் மார்பில் அறுவை சிகிச்சைத் தழும்புடன் இருப்பவர். அவருக்கே இவ்வுரையில் பெரும்பங்கு உண்டு.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். மதரஸாவில் ஓதியவன். எனினும் நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது கேட்ட செய்திகளையும், மருத்துவர்களிடம் வினவித் தெளிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். பிழை இருப்பின் இங்கு அமர்ந்திருக்கும் மருத்துவர்கள் உடனே திருத்தட்டும்.

நம் வாயில் நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஈறு உறுதியாக இருக்கும்வரை அவை அங்கேயே அடங்கிக் கிடக்கும். ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல் ஆடத் தொடங்கிவிட்டால் அவ்விடம் ஒரு திறந்த புண் ஆகிவிடுகிறது. அப்புண் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓக்கல், எலியட் என்னும் இருவர், பல் பிடுங்கப்பட்டவர்களின் இரத்தத்தை உடனே எடுத்துச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் கிருமிகள் இருந்தன. நலமான உடலில் இக்கிருமிகள் சில நிமிடங்களிலேயே அழிக்கப்பட்டுவிடும். ஆனால் இதயத்தின் வால்வு பழுதுபட்டிருந்தாலோ, செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருந்தாலோ, அக்கிருமிகள் அதில் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. இதனை எண்டோகார்டைட்டிஸ் என்பர். இதய உட்சுவர் அழற்சி எனலாம். சிகிச்சை பெறாவிடில் உயிரைப் பறிக்கும் நோய் இது. சிகிச்சையோ, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் மருந்து. சிலருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை.

வால்வு நோய் நம் பகுதிக்குப் புதிதன்று. சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதனைத் தொடர்ந்த மூட்டு வீக்கம், காய்ச்சல் ஆகியவை கவனிக்கப்படாமல் போய், ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, பத்து இருபது ஆண்டுகள் கழித்து வால்வு சுருங்கிய நிலையில் மூச்சிரைப்போடு மருத்துவமனைக்குச் செல்லும் பெண்மக்கள் எத்தனையோ பேர். திருமணமாகி முதற்பிள்ளையைச் சுமக்கும் காலத்தில்தான் அந்நோய் இருப்பதே தெரிய வந்தது என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு.

செயற்கை வால்வு ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து மட்டுமே வந்தது. ஏழைகளுக்கு எட்டாத விலை. அந்நிலையை மாற்றியது திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். டாக்டர் வலியத்தான் அவர்களின் தலைமையில் அங்கு வால்வு ஆய்வு நடந்தது. மூன்று வடிவங்கள் தோற்றுப்போயின. நான்காவது வடிவமே தேறியது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகச் சட்டத்துக்குள் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்று இதயத் துடிப்புக்கு ஏற்ப சாய்ந்து திறந்து மூடும். சித்ரா வால்வு என்று பெயர். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. எவ்வளவு பேரின் உழைப்பு, எத்தனை ஆண்டு! அத்தகைய வால்வை நெஞ்சில் சுமந்துகொண்டு சொத்தைப் பல்லை வாயில் வளர்ப்பது எப்படிப் பொருந்தும் என்று சிந்தியுங்கள்.

வால்வு அறுவைக்கு நாள் குறிக்கும் முன் "பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று மருத்துவர்கள் அனுப்புவது வழக்கம். நம்மவர்கள் சிலர் இதனை வீண் அலைக்கழிப்பு என்று சலித்துக் கொள்கிறார்கள். அன்று. சீழ் பிடித்த வேர் ஒன்று வாயில் இருக்க, புது வால்வைப் பொருத்துவது, கரையான் அரித்த சுவரில் புதுக் கதவு மாட்டுவதைப் போன்றது.

இனி, பல் பிடுங்குமுன் கிருமி எதிர்ப்பு மருந்து யாருக்குத் தேவை என்பதில் பெருங்குழப்பம் நிலவுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 1955இல் முதன்முதலாக இம்முறையைப் பரிந்துரைத்தபோது அநேக இதய நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. 2007இல் அச்சங்கமே அதனைச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளவர், முன்பே எண்டோகார்டைட்டிஸ் வந்து மீண்டவர், பிறவியிலேயே வரும் இதயக் குறைபாடுகளில் குறிப்பிட்ட சில வகையினர், இதய மாற்று அறுவைக்குப் பின் வால்வு கெட்டவர் ஆகியோருக்கே அது வேண்டும். பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை, சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. முன்னர் கொடுக்கப்பட்டு வந்த கிளிண்டாமைசினை 2021 முதல் அவ்விதத்தில் தர வேண்டாம் என்று கூறிவிட்டனர்.

ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், பேஸ்மேக்கர் பொருத்தியவர் ஆகியோருக்கு இக்காரணத்துக்காக அம்மருந்து தேவையில்லை. ருமாட்டிக் வால்வு நோய் இருந்தும் அறுவை செய்யாதவர்களின் நிலையை அவரவர் இதய மருத்துவரே தீர்மானிப்பார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக் கொள்பவர்கள் "நான்தான் ஊசி போடுகிறேனே" என்று இருந்துவிடலாகாது. அது தொண்டைக் கிருமிக்கான காப்பு. பல் சிகிச்சைக்கு அது போதாது. மேலும் அவ்வூசிக்குப் பழகிய வாய்க் கிருமிகள் அமாக்சிசிலினுக்கு அடங்காமலும் போகலாம் என்பதால் வேறு மருந்து தேர்ந்தெடுக்க நேரும். ஆகவே ஊசி அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

2007இல் அம்மாற்றத்தைச் செய்ததற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பல் பிடுங்கும்போது மட்டும் கிருமி இரத்தத்தில் நுழைவதில்லை. ஈறு கெட்டவர் உணவை மெல்லும்போதும், பல் துலக்கும்போதும், அன்றாடம் பலமுறை நுழைகிறது. எனவே ஒரு நாள் விழுங்கும் மாத்திரையைவிட, முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ஈற்றை நலமாக வைத்திருப்பதே பெருங்காப்பு. மிஸ்வாக் செய்வதை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஐவேளை உளூச் செய்யும் நம் வாயிலிருந்து வாடை வருவதைப் பற்றி வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. மிஸ்வாக் குச்சி பல்லின் முகப்பைத் துலக்கும். பல்லிடுக்குக்குள் தங்கியதை எடுக்க இரவில் மென்மையான பிரஷும் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் கெட்டியான பிரஷைத் தவிர்க்கவும். ஈற்றில் இரத்தம் வருகிறதே என்று துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள் சிலர். விட்டால் இன்னும் அதிகமாக வரும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு. அதனையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈறு நோயே மாரடைப்பை உண்டாக்குகிறது என்று சில துண்டுப் பிரசுரங்களில் காண்கிறோம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மெய். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் ஆராய்ந்து கூறியது. புகையும் சர்க்கரை நோயும் இரண்டையும் கெடுக்கும். மிகைப்படுத்திச் சொல்லி மக்களை அச்சுறுத்த வேண்டியதில்லை.

வால்வு நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் செய்யக்கூடாத ஒன்று உண்டு. மருந்துக் கடையில் நின்று நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவதே அது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், பசியின்மை ஆகியவை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது எண்டோகார்டைட்டிஸாக இருக்கலாம். எந்தக் கிருமி என்பதை இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியே கண்டறிகிறார்கள். அதற்கு முன் அரைகுறையாக மருந்து உட்கொண்டால் கிருமி சாகாது, சோதனையிலும் அகப்படாது.

அடுத்து, இவ்வட்டாரத்தில் நான் கண்டு வேதனையுற்ற செய்தி. செயற்கை வால்வு பொருத்தப்பட்ட பெரியவர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க எண்ணினார். "இரத்தம் நிற்காது, அசிட்ரோம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போ" என்று யாரோ திண்ணையில் சொன்னதைக் கேட்டு, தாமாகவே நிறுத்தினார். ஐந்து நாள் கழிந்தது. ஆறாம் நாள் சுபுஹுக்கு எழுந்தவருக்கு வலக்கை தூக்க வரவில்லை, பேச்சும் குழறியது. பல் வாயிலேயே இருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இன்று அவருக்கு உளூச் செய்விப்பவர் அவருடைய பேரன்.

உலோக வால்வின் மீது இரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுப்பதே அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகளின் வேலை. நிறுத்தினால் வால்வின் தட்டு அசையாமல் சிக்கிக்கொள்ளலாம். கட்டி பிய்ந்து மூளைக்கும் செல்லலாம். பல் பிடுங்கிய இடத்தில் கசியும் இரத்தத்தையோ பஞ்சு வைத்து அழுத்தியும், தையல் போட்டும், டிரானெக்ஸாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிக்கச் செய்தும் நிறுத்திவிடலாம். பிடி-ஐஎன்ஆர் என்னும் இரத்தச் சோதனையை ஓரிரு நாளுக்குள் செய்து, அளவு கட்டுக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஓரிரு பற்களை எடுக்கிறார்கள். அளவு மிகுந்திருந்தால் நாளைத் தள்ளிப் போடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் உண்ணும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளும் அப்படியே. குறிப்பாக ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் யார் சொன்னாலும் தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தச் சொல்லும் உரிமை அம்மாத்திரையை எழுதிய இதய மருத்துவர் ஒருவருக்கே உண்டு.

பல் எடுத்தபின் வலிக்கு எதை உண்பது? டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டுபவை. பொதுவாகப் பாரசிட்டமாலே இவர்களுக்கு ஏற்றது. ஈறு வீக்கத்துக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரை அசிட்ரோமின் வேகத்தை மிகவும் உயர்த்திவிடும். பல் மருத்துவருக்கு நீங்கள் அசிட்ரோம் உண்பது தெரியாவிட்டால் அவர் அதனை எழுதிவிடுவார். குற்றம் அவருடையதாகாது.

தாடை வலி குறித்து ஒரு சொல். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கீழ்த்தாடையில் வலி எழுந்து, நின்றால் தணிந்துவிடுமானால் அது பல்வலி அன்று. இதயத்துக்கு இரத்தம் குறைவதால் எழும் வலி தாடைக்கும் பரவும். சர்க்கரை நோயாளிகளுக்கு மார்பில் வலியே இல்லாமலும் இருக்கலாம். அவ்வலிக்காகப் பல் பிடுங்கிக் கொண்டால் பல்தான் போகும், வலி போகாது. வியர்வையோடு தாடை வலி வந்தால் பல் மருத்துவமனைக்கு வழி கேட்காமல் 108க்கு அழையுங்கள்.

பல் போனபின் மாற்றுப் பல் கட்டுவது ஆடம்பரம் என்று எண்ணுகிறோம். இது வேர்க்கடலை விளையும் பூமி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. 7 ரகம் நம் வயல்களில் தலைமுறைகளாக விளைந்தது. அதை விதைத்து, களையெடுத்து, பிடுங்கிய கைகள் இன்று ஒரு கடலையை வாயில் போட்டு மெல்ல இயலாமல் இருக்கின்றன. பல்லில்லாத பெரியவர் என்ன உண்கிறார்? இட்லி, கஞ்சி, தேநீரில் நனைத்த பிஸ்கட், பன். காய், கீரைத்தண்டு, பழம், பயறு எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலில் எதை உண்ணச் சொன்னாரோ அதுவே வாயால் மெல்ல முடியாதது. எதைக் குறைக்கச் சொன்னாரோ அதுவே தொண்டையில் எளிதாக இறங்குவது. ஆகவே மாற்றுப் பல் இதய சிகிச்சையின் ஒரு பகுதியே.

கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு அறுவை இல்லை. இதயம் எந்நிலையில் இருந்தாலும் பெரும்பாலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் தளர்ந்த செட் ஈற்றை உரசிப் புண்ணாக்கும். வால்வு நோயாளிக்கு அப்புண் சிறிதன்று. உடனே சரிசெய்ய வேண்டும். இரவில் கழற்றி, துலக்கி, நீரில் இட்டுவைக்க வேண்டும். இருபக்கப் பற்களைச் செதுக்கி நிலையாக ஒட்டும் பாலம் இன்னொரு வகை. அதன் அடியில் உணவு தங்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க், டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதைக் கண்டறிந்து 1965இல் முதல் மனிதருக்குப் பதித்தார். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டே திருகுகள் பதித்து அவற்றின்மீது செட்டைப் பொருத்தினாலும் அது ஆடாமல் நிற்கும்.

இதய நோயாளிக்கு இம்பிளான்ட் கூடவே கூடாது என்பது தவறு. கேட்காமல் செய்துகொள்வதும் தவறு. மாரடைப்பு வந்து ஆறு மாதமாவது கழிய வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்குத் திருகு எலும்போடு ஒன்றாமல் போகும் வாய்ப்பு மிகுதி. செயற்கை வால்வு உள்ளவருக்கு நான் முன்சொன்ன கிருமி எதிர்ப்பு மருந்து தேவை. இதய மருத்துவரின் இசைவுக் கடிதம் இல்லாமல் பதிக்க முன்வருபவரிடம் நீங்கள் உட்காராதிருப்பதே நலம். வசதி குறைந்தவர்கள் இதற்காகக் கடன்பட வேண்டாம் என்பது என் கருத்து. நன்கு அளவெடுத்துச் செய்த செட்டே பலருக்குப் போதுமானது.

சந்தையிலும் பேருந்து நிலைய ஓரத்திலும் அரை மணியில் பல் கட்டித் தருவோர் இருக்கிறார்கள். பொடியும் திரவமும் குழைத்து, கம்பியால் அருகிலுள்ள நல்ல பல்லோடு பிணைத்து, கழற்றவே முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். அதன்கீழ் ஈறு அழுகுவது வெளியே தெரியாது. சட்டப்படி பதிவு பெற்றவரே பல் மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

மஸ்அலா கேட்போருக்காகச் சுருக்கமாக: நிலையாகப் பதித்த பல்லும் ஒட்டிய பாலமும் உடலின் பகுதி போன்றவை, உளூவுக்கும் குளிப்புக்கும் தடையில்லை. கழற்றக்கூடிய செட்டைக் கடமையான குளிப்பின்போது கழற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். நமது ஹனஃபி மத்ஹபில் அக்குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. தங்கப் பல்லைப் பொறுத்தவரை, போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு பொருத்தி அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் செய்துகொள்ள நபிகளார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அறியப்பட்டதே. பல்லைத் தங்கத்தால் கட்டுவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) விரும்பவில்லை. அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அனுமதித்தார்கள். இன்று பீங்கானும் டைட்டானியமும் இருக்கையில் ஆண்களுக்கு அச்சர்ச்சையே எழ வேண்டியதில்லை. திசு வால்வுகளிலும், இம்பிளான்ட்டுக்காக வைக்கும் எலும்புத் தூளிலும் மாட்டிலிருந்து எடுப்பவை உண்டு, பன்றியிலிருந்து எடுப்பவையும் உண்டு. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மாற்று இருந்தால் அவர்கள் சொல்வார்கள். கேட்பதற்கு நாணி, பின்னர் ஆண்டுக்கணக்கில் மனம் உழல்வது தகாது. நோன்பின் பகலில் பல் பிடுங்குவதைத் தவிர்த்து ரமழானுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கினால் நோன்புக்குக் கேடு.

எங்கே செல்வது? விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. திண்டிவனத்தாருக்கும் விழுப்புரத்தாருக்கும் புதுச்சேரி கோரிமேடு ஏறத்தாழ ஒரே தொலைவு; அங்கு ஜிப்மரும், மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. இதயத்துக்கு ஒரு கட்டடம், பல்லுக்கு ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே சீட்டைக் கொண்டு செல்ல வேண்டியவர் நோயாளிதான். வேறு யாரும் கொண்டு செல்லப் போவதில்லை.

அதற்காகவே நிர்வாகக் குழுவினர் ஓர் அட்டை அச்சிட்டுள்ளனர். என்ன அறுவை, எந்த ஆண்டு, எந்த வால்வு, என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒவ்வாது, கடைசி ஐஎன்ஆர் அளவு, இதய மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்கள் மருத்துவச் சீட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். எழுதியதை இங்குள்ள மருத்துவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். முகாமுக்கு வர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமை தவிர்த்த நாட்களில் அஸருக்குப்பின் அலுவலகத்தில் பெற்றுக் கொள்ளலாம். வரும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வரவும். இப்போது, இதய மருத்துவரைப் பார்த்து முடித்தவர்கள் வலப்புறமுள்ள இரண்டாம் மேசைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.